திடல் யாருடையது?

சிலாங்கூர் மாநிலத்தின் வடபகுதியில், கோலகுபு பாருவுக்கு அருகில், அம்பாங் பெச்சா என்றோர் ஊர் உண்டு. மலாய்மொழியில் உடைந்த அணை என்பது அப்பெயரின் பொருள். 1883ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அணை உடைந்து, வெள்ளம் அங்கிருந்த பழைய கோலகுபு பட்டணத்தை வாரிக்கொண்டு போயிற்று. மாவட்ட அதிகாரியாக இருந்த சிசில் ரேங்கிங் என்பாரும் அவ்வெள்ளத்தில் மாண்டார். பட்டணம் மீண்டும் எழுந்தது. ஆயினும் ஈயச் சுரங்கங்களிலிருந்து இறங்கிய மண் ஆற்றின் படுகையை மேடாக்கிவிட்டமையால் வெள்ளம் ஓயவில்லை. இறுதியில், 1920களில், ஊரையே பெயர்த்துவிடுவதென அரசாங்கம் முடிவு செய்தது. சார்ல்ஸ் ரீட் எனும் நகரமைப்பு வல்லுநர் மேட்டு நிலத்தில் புதியதொரு பட்டணத்திற்குத் திட்டம் வகுத்தார். பழைய ஊரின் மக்கள் அங்குக் குடியேறினர். பாரு என்றால் புதிது என்பதை நாம் அறிவோம்.

ஊரை இழந்தவர்கள் அவர்கள். ஆனால் ஒருவரையொருவர் இழக்கவில்லை. போவதற்கு இடமும் இருந்தது, புறப்படுவதற்கு அவகாசமும் இருந்தது. பின்னாளில் நம்மவர் கண்ட பிரிவுகளுக்கு இவ்விரண்டும் வாய்த்தனவா என்பதே ஈண்டு நாம் ஆராய வேண்டுவது.

பத்தாங் பெர்ஜுந்தை, புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம் முதலிய வட்டாரங்களில் பரந்து கிடந்த தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். லயங்கள், கோயில், தமிழ்ப்பள்ளி, ஆயாக்கொட்டகை, இவற்றுக்கு நடுவே ஒரு திடல். விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று, வெயில் ஏறும்வரை பால்மரம் வெட்டிய கால்கள், மாலையில் அத்திடலில் பந்தை உதைத்தன. தண்டலின் மகனும் வெட்டுக்காரரின் மகனும் ஒரே அணியில் ஆடினர். சடுகுடு ஆட்டத்தில் மூச்சடக்கிப் பாடிச் செல்பவனைப் பார்ப்பதற்குத் தாய்மார்களும் வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்து நின்றனர். அயல்தோட்டத்தோடு போட்டி என்றால் லாரி நிறைய ஆட்கள் புறப்படுவர். தோற்றுத் திரும்பும் லாரியில் பாட்டு மட்டும் இராது! தோட்டத்து வரலாற்றை எழுதுவோர் கூலிக் கணக்கையும் வேலைநிறுத்தங்களையும் எழுதுகின்றனர். அவை எழுதப்பட வேண்டியவைதாம். இத்திடலை எழுதியவர் சிலரே.

அத்திடலைப் புல்வெட்டிப் பேணியவர்கள் தொழிலாளர்கள், நிலமோ முதலாளியுடையது. இந்த உண்மை அன்றாடம் கண்ணுக்குத் தெரிவதில்லை. 1950களில் வெள்ளையர் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கி, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடியும் விற்றபோதுதான் அது தெரிந்தது. வேலையோடு லயமும் போயிற்று. லயத்தோடு அணியும் கலைந்தது. பின்னர்ப் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. அதற்கும் பின்னர் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. ஒவ்வொரு முறையும் குடும்பங்கள் தனித்தனியே, வெவ்வேறு திசைகளில் சென்றன. கோலகுபு மக்களைப் போல் கூட்டமாகப் பெயர்ந்து செல்லும் பேறு அவர்களுக்குக் கிட்டவில்லை.

இதற்கு ஒரு மாற்றுக் கண்டவர் துன் வீ. தி. சம்பந்தன். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, மாதந்தோறும் பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளரிடம் பங்குப்பணம் திரட்டித் தோட்டங்களையே வாங்கலானார். கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் முதலாவது. ஆடுபவனே திடலுக்கும் உரியவனானால் அவனை எழுப்பி விரட்டுவார் இல்லை என்பதே அதன் உட்பொருள் எனலாம். விற்பனைக்கு வந்த தோட்டங்கள் அனைத்தையும் சங்கத்தால் வாங்க இயலவில்லை என்பதும் வரலாறே.

தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குச் சென்றோரின் பிள்ளைகளுக்கு 2000த்திற்குப் பின் புதியதொரு திடல் கிடைத்தது. அதற்குப் புல் இல்லை. கம்பத்துச் சைபர் கபேயில் மணிக்கணக்கில் வெள்ளி கொடுத்துத் திறக்க வேண்டிய திடல் அது. ஜோனத்தன் ஏப்ரம்ஸ் என்பவர் 2002இல் அமெரிக்காவில் தோற்றுவித்த பிரெண்ட்ஸ்டர் எனும் இணையதளம், பிறந்த நாட்டைவிடப் பிலிப்பீன்ஸ், இந்தோனேசியா, மலேசியா ஆகிய நாடுகளிலேயே வேரூன்றிற்று. 2009 டிசம்பரில் நம் நாட்டு எம்.ஓ.எல். நிறுவனம் அதனை வாங்கியது. நிருவாகம் கோலாலம்பூருக்கு வந்தது. 11 கோடிக்கும் மேற்பட்டோர் அதில் பதிந்திருந்தனர்.

2011இல் அறிவிப்பு வந்தது. தளம் இனி விளையாட்டுக்குரியதாக மாறும், மே 31ஆம் நாளுக்குள் அவரவர் படங்களையும் எழுத்துகளையும் எடுத்துக்கொள்ளுங்கள், எடுக்காதவை அழிக்கப்படும். ஒரு மாதத்திற்குச் சற்றே மிகுந்த அவகாசம்! கடவுச்சொல்லை மறந்தவர், அறிவிப்பையே காணாதவர், இடையில் இறந்துபோனவர் ஆகியோரின் பொருளை யார் எடுப்பது? ஆவணக் குழு எனும் தன்னார்வலர் கூட்டம் இரவுபகலாக இயன்ற அளவு படியெடுத்து வைத்தது. பின்னர் அத்தளம் சில ஆண்டுகள் விளையாட்டுக் கூடமாக நடந்தது. ஆடியவர்கள் நண்பர்களாயினர், பெயரும் முகமும் அறியாமலே நலம் விசாரித்தனர். 2015 ஜூன் 14இல் அதுவும் நிறுத்தப்பட்டது.

வெறும் விளையாட்டுத்தானே என்று சிலர் கேட்கக்கூடும். தோட்டத்துப் பந்தாட்டத்தையும் பெரிய கிராணிமார் அப்படித்தான் சொல்லியிருப்பர். ஆட்டம் ஒரு சாக்கு. கூடுவதே காரியம் அன்றோ?

உலகின் பிறிதொரு மூலையில் நிகழ்ந்ததையும் ஈண்டுக் குறிப்பிடுதல் தகும். 2004இல் தொடங்கிய ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ எனும் இணைய விளையாட்டைக் கொரிய நிறுவனமாகிய என்சிசாப்ட் 2012 நவம்பர் 30இல் மூடியது. மூடப்போகும் செய்தி கேட்டு, ஆடியவர்கள் அந்தக் கற்பனை நகரத்தின் சதுக்கத்தில் தீப்பந்தம் ஏந்தித் திரண்டனர். நிறுவனம் மனம் மாறவில்லை. ஆனால் அவர்களுள் சிலர் அந்நகரத்தின் படியொன்றை மறைவாக இயக்கிவந்தனர். 2019இல் அது வெளிப்பட்டது. தமக்குப் பங்கில்லை என்று சினந்தவர்களும் உண்டு. எந்தச் சங்கத்தில்தான் அது இல்லை? 2024 ஜனவரியில், ‘ஹோம்கமிங்’ என்ற பெயரில் ஆடியவர்களே நடத்திய அத்தளத்திற்கு உரிமம் வழங்க என்சிசாப்ட் இசைந்தது. செலவைப் பங்கிட்டுக் காசு போடுபவர்கள் ஆடுபவர்களே. புக்கிட் சீடிமின் பத்து வெள்ளியை அவர்கள் கேள்விப்பட்டிருக்க வழியில்லை.