ஃபெஸ் நகரில் ஒரு முற்றத்து வீடு

மொராக்கோ போய்வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. "எங்கே தங்கினீங்க?" என்று யாராவது கேட்டு, "ரியாத்தில்" என்று நான் சொன்னால், "அப்போ சவூதிக்கும் போனீங்களா?" என்பதுதான் அடுத்த கேள்வி. சவூதித் தலைநகரின் பெயரும் இந்தச் சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவைதான். அரபியில் தோட்டத்தைக் குறிக்கும் சொல் அது. மொராக்கோவில், நடுவில் தோட்டம் விட்டுச் சுற்றிலும் அறைகள் கட்டிய வீட்டுக்கு ரியாத் என்று பெயர். தோட்டம் இல்லாமல் தளம் போட்ட முற்றம் மட்டும் இருந்தால் அது 'தார்'. இப்போது விருந்தினர் விடுதியாக மாறிய எல்லாப் பழைய வீட்டுக்கும் ரியாத் என்றே பலகை மாட்டிவிடுகிறார்கள். நாங்கள் தங்கியதும் உண்மையில் ஒரு தார்தான். முற்றத்தில் நான்கு தொட்டிகளில் எலுமிச்சை இருந்தது. அதைத் தோட்டக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள் போலிருக்கிறது.

மகள் மாட்ரிட்டில் வேலையில் இருந்தபோது போனோம். அங்கிருந்து விமானத்தில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஃபெஸ். பழைய நகருக்குள் கார் போகாது. நீல ஓடு பதித்த பூ ஜெலூத் வாசலில் இறக்கிவிட்டார்கள். உள்பக்கம் திரும்பிப் பார்த்தால் அதே வாசல் பச்சை நிறத்தில் இருக்கிறது. இந்த வாசல் ஏதோ ஆயிரம் ஆண்டுப் பழசு என்று நான் நினைத்துக்கொண்டேன். கட்டியது 1913-ல், பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் என்று பிறகுதான் தெரிந்தது. விடுதியிலிருந்து வந்த ஒரு பையன் எங்கள் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு முன்னே ஓடினான். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்துகள். பின்னாலிருந்து "பாலக்! பாலக்!" என்று சத்தம் வந்தால், சுமை ஏற்றிய கோவேறு கழுதை வருகிறது, ஒதுங்கு என்று பொருள். முதல் நாளே என் மனைவி அந்த ஒரு அரபிச் சொல்லைக் கற்றுக்கொண்டு, அதன்பின் என்னிடமே பயன்படுத்த ஆரம்பித்துவிட்டாள்.

வீட்டின் வெளிச்சுவரைப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இருக்காது என்றுதான் தோன்றும். சன்னல் இல்லை, பூச்சு உதிர்ந்திருந்தது. பெரிய கதவுக்குள் ஒரு சின்னக் கதவு. குனிந்து நுழைந்தால் நடை நேராகப் போகாமல் ஒரு திருப்பம் திரும்புகிறது. வாசல் திறந்திருந்தாலும் தெருவில் போகிறவர் கண்ணுக்கு வீட்டுப் பெண்கள் தெரியக்கூடாது என்ற ஏற்பாடு. திருப்பம் தாண்டியதும் மேலே வானம், நடுவில் சின்ன நீரூற்று. சுவரில் ஆள் உயரத்துக்குச் சில்லு சில்லாக வெட்டிப் பதித்த ஓடு, அதற்கு மேல் செதுக்கிய சுண்ணச்சாந்து, உச்சியில் அட்லஸ் மலையிலிருந்து வந்த தேவதாரு மரம். ஓட்டை அங்கே 'ஸெலிஜ்' என்கிறார்கள். தண்ணீர் படும் இடத்தில் ஓடு, கை படாத இடத்தில் சாந்து, எட்டாத உயரத்தில் மரம். பொதுப்பணித் துறையில் முப்பது ஆண்டு சுவர் பார்த்தவன் நான். அழகுக்காக மட்டும் செய்த வேலை இல்லை அது என்று எனக்குப் பட்டது.

அதைவிட என்னை நிறுத்தியது தண்ணீர். ஃபெஸ் ஆற்றைப் பல கிளைகளாகப் பிரித்து, வாய்க்காலும் சுடுமண் குழாயுமாக நகரச் சரிவில் இறக்கி, மசூதி, குளியலகம், வசதியான வீடுகள் என்று கொண்டுசேர்த்திருக்கிறார்கள். கழிவுக்குத் தனி வழி. பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய வேலை இது. நம் துறையில் நான் பார்த்த சில திட்டங்களை நினைத்துக்கொண்டேன். அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

கொஞ்சம் சரித்திரம் சொல்லிவிடுகிறேன். 789-ல் முதலாம் இத்ரீஸ் ஆற்றின் ஒரு கரையில் ஊரைத் தொடங்கினார். 809-ல் அவர் மகன் இரண்டாம் இத்ரீஸ் மறுகரையில் இன்னொன்றைத் தொடங்கினார். ஸ்பெயினின் கோர்டோபாவிலிருந்து துரத்தப்பட்டவர்கள் ஒரு கரையிலும், துனீசியாவின் கைரவானிலிருந்து வந்தவர்கள் மறு கரையிலும் குடியேறினார்கள். ஆக, ஆரம்பத்திலிருந்தே வந்தேறிகளால் ஆன ஊர் இது. ஆனால் வெளியூர்க்காரன் காசு கொடுத்து ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் படுத்துத் தூங்குவது என்பது மட்டும் அங்கே நினைத்துப் பார்க்க முடியாத காரியமாக இருந்தது.

வியாபாரிகள் தங்கியது ஃபுந்துக் என்ற சத்திரங்களில். கீழே கழுதையும் சரக்கும், மேலே அறைகள். தச்சர் தெருவில் இருக்கும் நெஜ்ஜாரின் ஃபுந்துக்கை இன்றும் பார்க்கலாம். இப்போது அது மரவேலை அருங்காட்சியகம். கிரனடாவில் பிறந்து ஃபெஸ் நகரில் வளர்ந்த ஹசன் அல் வஸ்ஸான் என்பவர், லியோ ஆஃப்ரிக்கானஸ் என்ற பெயரில் 1526-ல் எழுதி முடித்த நூலில், ஊரில் சுமார் இருநூறு சத்திரங்கள் இருந்ததாகச் சொல்கிறார். கட்டில் கிடையாதாம். ஒரு பாயும் முரட்டுக் கம்பளியும் கொடுப்பார்களாம். சாப்பாட்டுக்கு வேண்டியதை நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

வீட்டுக்கு வரும் சொந்த விருந்தாளிக்கு வேறு ஏற்பாடு. 'மஸ்ரியா' என்று மாடியில் ஒரு தனிப் பகுதி. வாசலுக்கு அருகிலேயே அதற்குத் தனிப் படிக்கட்டு. விருந்தாளி முற்றத்தைப் பார்க்காமலே ஏறி, பார்க்காமலே இறங்கிப் போய்விடலாம். எங்கள் விடுதியில் அதுதான் இப்போது அலுவலக அறை.

ஃபெஸ் என்றதும் நாம் நினைக்க வேண்டிய விருந்தாளி ஒருவர் உண்டு. மதுரை சுல்தான்கள் காலத்தில், 1340களில், நம் ஊருக்கு வந்து, இங்கே கொள்ளைநோயையும் சுல்தானின் கொடுமையையும் பார்த்து எழுதிய இப்னு பதூதா மொராக்கோக்காரர். கால் நூற்றாண்டு அடுத்தவர் வீட்டிலும் அரண்மனையிலும் தங்கிவிட்டு ஊர் திரும்பியவரை உட்காரவைத்து, கண்டதையெல்லாம் சொல்லச் சொல்லி எழுதவைத்தவர் ஃபெஸ் சுல்தான் அபூ இனான். 1355-ல் அது முடிந்தது. அதே ஆண்டுகளில் அவர் கட்டிய பூ இனானியா மதரஸா நாங்கள் தினமும் நடந்த தெருவில்தான் இருந்தது. மதுரையைப் பற்றிய அந்தப் பக்கங்கள் இந்த நகரில்தான் எழுதப்பட்டன என்று மனைவியிடம் சொன்னேன். "மதுரைக்காரி வந்திருக்கேன்னு போய்ச் சொல்லுங்க" என்றாள்.

சரி, இந்த வீடுகள் எப்படி விடுதிகள் ஆயின? வெளிநாட்டுக்காரர்கள் பணத்தோடு வந்தார்கள், ஏழைகளைக் கிளப்பினார்கள், வாங்கினார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது கதையின் கடைசி அத்தியாயம் மட்டும்தான். முதல் அத்தியாயம் 1912.

அந்த ஆண்டு மார்ச் 30-ல் ஃபெஸ் நகரில்தான் பிரெஞ்சுப் பாதுகாப்பு ஆட்சிக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த மாதமே நகரில் கலகம், ரத்தம். தலைநகரை ரபாத்துக்கு மாற்றினார்கள். லியோத்தே என்ற ராணுவத் தளபதிதான் அப்போது ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர். பழைய நகரங்களைத் தொடக்கூடாது, ஐரோப்பியருக்கு வெளியே புதுநகரம் கட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. ஹென்ரி ப்ரோஸ்ட் என்ற நகரமைப்பாளரை வைத்து அதைச் செய்தார். பழைய நகரை இடிக்காமல் விட்டதற்காக அவரைப் புகழ்கிறவர்கள் உண்டு. பாதி நியாயம்தான் அது. அகலச் சாலை, மின்சாரம், அலுவலகம், வங்கி எல்லாம் வெளியே போயின. உள்ளே இருந்தவர்களுக்கு அழகும் ஈரச் சுவரும் மிஞ்சின.

ஃபெஸ் வணிகக் குடும்பங்கள் சாமர்த்தியசாலிகள். 19ஆம் நூற்றாண்டிலேயே துணி வியாபாரத்துக்கு மான்செஸ்டர் வரை போய்க் கடை வைத்தவர்கள். பணம் காஸாபிளாங்காவுக்கு நகர்ந்ததும் அவர்களும் நகர்ந்தார்கள். 1956-ல் சுதந்திரம் வந்து, பிரெஞ்சுக்காரர்கள் காலி செய்யத் தொடங்கியதும், மீதமிருந்தவர்கள் புதுநகரத்து வீடுகளுக்குப் போனார்கள். வீட்டை அறை அறையாக வாடகைக்கு விட்டார்கள். கிராமத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் ஒரு அறைக்கு ஒரு குடும்பமாக உள்ளே வந்தார்கள்.

எங்கள் விடுதியில் சமையல் பார்த்த அம்மா அப்படி வந்த குடும்பத்தில் ஒருவர். அறுபது வயதிருக்கும். என்னை 'ஹாஜ்' என்றும் மனைவியை 'ஹஜ்ஜா' என்றும் கூப்பிடுவார். மெக்காவுக்குப் போனவர்களா என்பதெல்லாம் கேள்வி இல்லை, வயதானவர்களுக்கு அங்கே அது மரியாதை. இரண்டாம் நாள் இரவு, பெட்டி தூக்கிய பையன் மொழிபெயர்க்க, அவர் சொன்னார்: இந்த வீட்டில்தான் அவர் பிறந்தாராம். ஆறு குடும்பங்கள், முப்பது பேருக்கு மேல். முற்றத்தில் ஒரே குழாய். மழைக்காலத்தில் மேல்மாடி ஒழுகும். சொந்தக்காரரிடம் சொன்னால், எந்தச் சொந்தக்காரர் என்பதே தெரியாது. தாத்தா சொத்து, பேரன் பேத்திகள் காஸாபிளாங்காவிலும் பாரிசிலுமாக இருபது முப்பது பேர். ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தாலும் விற்க முடியாது, ஒருவரும் பழுது பார்க்க மாட்டார்கள். நமக்குப் புதிதா என்ன இது!

1981-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததும் வீடுகள் தாமாக நிமிர்ந்துவிடவில்லை. இன்றும் பல சந்துகளில் இரு பக்கச் சுவரையும் மரச்சட்டங்கள் முட்டுக்கொடுத்துத் தாங்குகின்றன. அவற்றின் கீழே குனிந்து போனோம். சில வீடுகளில் கதவையும் ஓட்டையும் கழற்றிப் பழம்பொருள் வியாபாரிக்கு விற்றுவிட்டார்கள். 1990களில் மராக்கேஷில் ஐரோப்பியர் வீடு வாங்கத் தொடங்கினார்கள். அலை பிறகு ஃபெஸுக்கும் வந்தது. 2002-ல் வந்த சுற்றுலாச் சட்டம் இத்தகைய வீட்டு விடுதிகளை முறைப்படி ஏற்றுக்கொண்டது. வாங்கியவர்கள் வாரிசுகளைத் தேடிப்பிடித்தார்கள், குடியிருந்தவர்களுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தார்கள். ஓடு வெட்டுகிறவர்களுக்கும் சாந்து செதுக்குகிறவர்களுக்கும் மறுபடி வேலை கிடைத்தது. அந்த அம்மாவின் குடும்பம் கிடைத்த பணத்தில் மதில்களுக்கு வெளியே ஒரு அடுக்குமாடி வீட்டுக்குப் போனது.

"வருத்தமா?" என்று என் மனைவி கேட்டாள். அவர் சிரித்தார். புது வீட்டில் குழாய் சமையலறைக்குள்ளேயே இருக்கிறதாம், அதற்கு எதற்கு வருத்தம்? பிறகு கொஞ்ச நேரம் கழித்து, ஃபெரானைப் பற்றிச் சொன்னார். ஃபெரான் என்பது பேட்டையின் பொது அடுப்பு. அங்கே ஒரு பேட்டை என்றால் மசூதி, குளியலகம், தண்ணீர்க் குழாய், சிறுவர்கள் குர்ஆன் ஓதும் பள்ளி, ஃபெரான் ஐந்தும் இருக்க வேண்டும். வீட்டில் மாவு பிசைந்து பலகையில் வைத்து, பிள்ளைகள் தலையில் கொடுத்தனுப்புவார்கள். எந்த ரொட்டி எந்த வீட்டுடையது என்று அடுப்புக்காரருக்குப் பார்த்தவுடன் தெரியுமாம். இந்த வீட்டிலிருந்து மட்டும் தினம் ஆறு பலகைகள் போன காலம் அது. இப்போது ஒன்று. சந்தில் எட்டு வீடுகள் விடுதியாகிவிட்டன. தூங்க வருகிறவர்கள் மாவு பிசைவதில்லையே. அடுப்புக்காரர் விறகுக்குக் கட்டுப்படியாகவில்லை என்கிறார், எத்தனை நாளோ தெரியவில்லை என்றார்.

விடுதியில் காஸ் அடுப்பு இருந்தது. ஆனாலும் அந்த ஒரு பலகையை அவர் நிறுத்தவில்லை. முதலாளி கேட்டதற்கு, காஸில் சுட்டால் ரொட்டி ஆகாது என்று சொல்லிவிட்டாராம்.

கிளம்பும் அன்று காலை, எங்கள் அறையைப் பார்க்க மாடிக்கு வரச்சொன்னாள் மனைவி. வாசற்படியிலேயே நின்று உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். புகைக்கரியைச் சுரண்டி எடுத்துவிட்டிருந்தார்கள், சிவப்பும் பச்சையுமாகப் பழைய வண்ணப் பூக்கள் தெரிந்தன. தான் இருந்தவரை அங்கே பூ இருந்ததே தெரியாது என்றார். பிறகு உள்ளே வந்து குளியலறைக் கதவைத் திறந்து, பளிங்குத் தொட்டியைக் காட்டினார். பையன் மொழிபெயர்த்தான்: "மாவு மூட்டை இங்கேதான் இருக்குமாம். எலிக்குப் பயந்து இவங்க பாட்டி அதுக்குப் பக்கத்திலேயே படுத்துக்குவாங்களாம்."

கீழே யாரோ கதவைத் தட்டினார்கள். ரொட்டி வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.