சரியாபதங்களின் மறைமொழியும் பொருள்கோடல் மரபும்

முன்னுரை

பாடலின் சொற்கள் எளியனவாக இருந்தும் அதன் பொருள் பிடிபடாமல் நிற்கும் நிலை இந்திய இலக்கிய மரபில் புதிதன்று. கிழக்கிந்திய மொழிகளின் மிகப் பழைய இலக்கியச் சான்றுகளாகப் போற்றப்படும் சரியாபதங்கள் இந்நிலைக்குத் தக்க எடுத்துக்காட்டாகும். பௌத்த சித்தாச்சாரியர்கள் இயற்றிய இப்பாடல்கள் எவ்வாறு பொருள்கொள்ளப்பட்டன என்பதையும், அப்பொருள்கோடலில் எது வெளிப்பட்டது, எது மறைந்தது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுவடியும் பதிப்பும்

1907ஆம் ஆண்டு நேபாள அரசவை நூலகத்தில் ஹரப்பிரசாத் சாஸ்திரி ஓர் ஓலைச்சுவடியைக் கண்டெடுத்தார். 1916இல் வங்கீய சாகித்திய பரிஷத் அதனை நூலாக வெளியிட்டது. சுவடியில் 46 பாடல்கள் முழுமையாகவும் ஒரு பாடல் குறையாகவும் கிடைத்துள்ளன. ஒவ்வொரு பாடலுக்கும் இராகம் குறிக்கப்பட்டிருத்தலின் இவை பாடப்பெற்றவை என்பது தெளிவு. பாடல்களுடன் முனிதத்தர் என்பார் வடமொழியில் இயற்றிய உரையும் சுவடியில் இடம்பெற்றுள்ளது. பின்னர்ப் பிரபோத் சந்திர பாக்சி இவற்றின் திபெத்திய மொழிபெயர்ப்பைக் கண்டறிந்து 1938இல் ஆய்வுலகிற்கு அளித்தார். சுவடியில் அழிந்த பாடல்களின் கருத்தை அறியவும் ஐயத்திற்குரிய பாடங்களை ஒப்பிடவும் அம்மொழிபெயர்ப்பே துணைநிற்கிறது.

அந்தி மொழியா, உட்கருத்து மொழியா?

இப்பாடல்களின் மொழிநடையைச் சாஸ்திரி ‘சந்தியா பாஷை’ எனக் கொண்டார். சந்தியா என்பது அந்திப்பொழுது. ஒளியும் இருளும் கலந்த அப்பொழுதைப் போலப் பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் நிற்கும் மொழி என்பது அவர் கருத்து. 1928இல் விதுசேகர பட்டாச்சாரியர் இதனை மறுத்து, ‘சந்தா பாஷை’ என்பதே திருந்திய வடிவம் என்றும், குறித்த உட்கருத்தை உளத்துட்கொண்டு கூறும் மொழி என்பதே அதன் பொருள் என்றும் பௌத்த வடமொழி நூல்களின் துணைகொண்டு நிறுவினார். பாக்சியும் இம்முடிபை ஏற்றார்.

இது ஓர் எழுத்தைப் பற்றிய வாதம் மட்டுமன்று. அந்தி மொழி எனக் கொண்டால் தெளிவின்மை பாடலின் இயல்பாகிறது. உட்கருத்து மொழி எனக் கொண்டாலோ, தெளிவின்மை திறவுகோல் இல்லாதவனின் குறையாகிறது. பின்னைய கொள்கை நிலைபெற்றபின் உரையாசிரியரின் குறியீட்டு விளக்கமே பாடலின் பொருள் எனக் கொள்ளும் போக்கு வலுப்பெற்றது.

டோம்பியின் குடிசை

இப்போக்கின் விளைவைக் காண்ஹபாவின் 10ஆம் பாடலில் காணலாம். நகருக்குப் புறத்தே குடிசையில் வாழும் டோம்பி என்னும் பெண்ணை விளித்து அப்பாடல் அமைகிறது. டோம்பர் தீண்டாமைக்கு ஆட்பட்ட மக்கள். கூடை முதலியன விற்கும் அவர்தம் தொழிலும் பாடலிலேயே சுட்டப்படுகிறது. முனிதத்தரோ டோம்பியை நைராத்மா எனக் கொள்கிறார். தீண்டப்படாமை என்னும் சமூக இழிவு, புலன்களால் தீண்டப்படாத தூய நிலை எனத் தத்துவச் சிறப்பாக அங்கு மாற்றம் பெறுகிறது. உரை பொருந்துவதே, சித்தர்தம் சமயக் கோட்பாட்டிற்கு அஃது அரணும் ஆகிறது. ஆயினும் ஊருக்குப் புறத்தே நிறுத்தப்பட்ட ஒரு பெண் உரையின் முடிவில் காணப்படாமற் போகிறாள் என்பது கருதத்தக்கது.

33ஆம் பாடலும் இத்தகையதே. அண்டை வீடற்ற இல்லம், சோறில்லாப் பானை, இடையறாது வரும் விருந்து எனத் தொடங்கி, எருது ஈனுதல் முதலிய முரண்களை அடுக்குகிறது இப்பாடல். உரைமரபு பானையை உடலாகவும் சோற்றைப் போதிசித்தமாகவும் கொள்கிறது. வரலாற்றறிஞர் நீஹாரரஞ்சன் ராய் தம் ‘பாங்காளீர் இதிஹாஸ்’ (1949) நூலில் சரியாபதங்களைப் பண்டை வங்காளத்தின் எளிய மக்கள் வாழ்வுக்குச் சான்றாகக் கையாண்டார். ஒரே பானை ஒருவர்க்கு யோக உடல். மற்றொருவர்க்கு வறியவன் அடுக்களைக் கலம்.

இவ்விரு பொருள்களுள் ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தள்ளுதல் வேண்டுவதில்லை. கேட்போர் வெறும் பானையை அறிந்திருந்தமையாலேயே அது குறியீடாகப் பயன்பட்டது. எருது ஈனுதல் உலகியலில் நிகழாது. ஆகவே அது மறைபொருளை வேண்டிநிற்கிறது. சோறில்லாமையோ உலகியலில் நிகழ்வது. அதனை முழுதும் மறைபொருளாக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரே பாடலுள்ளும் இவ்வேறுபாட்டை உணர்ந்து பொருள்கோடல் தேவை.

தமிழ் மரபுடன் ஒப்புநோக்கு

திருமந்திரத்தின் ஒன்பதாம் தந்திரத்தில் அமைந்த சூனிய சம்பாஷணையும் சித்தர் பாடல்களின் பரிபாஷையும் இவ்வகை நோக்கிற்கு உரியன. சரியாபதங்களுக்குச் சுவடியிலேயே உரையும், ஒப்பிடத் திபெத்திய மொழிபெயர்ப்பும் உண்டு. நம் பாடல்களுக்கு வழங்கும் உரைகள் பெரும்பாலும் மிகப் பிற்காலத்தன. எனவே அங்கு வேண்டப்படும் எச்சரிக்கை இங்கு இன்னும் மிகுதியாக வேண்டப்படும். இவற்றில் பயிலும் உழவு, பயிர், கால்நடை பற்றிய செய்திகளைத் தத்துவ ஓடுகள் என உரித்தெறியாமல், அவ்வக்கால வாழ்வின் தடங்களாகவும் பயிலுதல் தகும்.

முடிவுரை

உரை என்பது பாடலுக்குள் செல்லும் ஒரு வாயில். அதுவே வீடு ஆகாது. முனிதத்தர் இன்றேல் சரியாபதங்களின் சமயப் பொருளை நாம் இழந்திருப்போம். அவர் ஒருவரையே சார்ந்து நின்றால் டோம்பியை இழப்போம். சொற்பொருள், சமயப் பொருள், சமூகப் பொருள் என்னும் மூன்றையும் தனித்தனியே நிறுத்தி, ஒன்றன் சான்றை மற்றொன்றன் சான்றாகக் கொள்ளாது ஆராய்வதே மறைமொழிப் பாடல்களுக்கு ஏற்ற நெறியாகும்.