எட்டு வரிசைக் கப்பல்களும் ஒரு புயலும்

கிரேக்க நாட்டில், ஈஜியன் கடலின் வடமேற்கு மூலையில் ஸ்கியாதோஸ் என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. 2008-ல் வந்த 'மம்மா மியா' படத்தைப் பார்த்தவர்கள் பெயர் தெரியாமலே இந்தத் தீவையும் பார்த்திருப்பீர்கள். அதன் தென்மேற்கு முனையில் கூகூனாரியெஸ் என்ற குடா. நீளமான மணல் கடற்கரை, அதன் பின்னால் பைன் மரங்கள். கோடை வந்தால் பாய்மரப் படகுகள் வரிசையாக வந்து நங்கூரம் பாய்ச்சி நிற்கும்.

நங்கூரம் என்றால் என்ன? ஒரு கனமான இரும்பு, கீழே போட்டால் படகு நின்றுவிடும். நம்மில் பலர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை. இதே தீவுக்கு எதிரே உள்ள கரையில் கி.மு. 480-ல் நடந்த ஒரு சம்பவம் அதைத்தான் சொல்கிறது. அந்த ஒரு சம்பவத்தில் மூழ்கிய கப்பல்கள் மட்டும் 400 என்றால் நம்ப முடிகிறதா?

எறும்புப் பாறை

பாரசீகப் பேரரசன் செர்க்ஸஸ் கிரேக்கத்தின் மீது படையெடுத்து வந்த ஆண்டு அது. தரைப்படை ஒரு பக்கம் நடந்து வர, கடற்படை கரையை ஒட்டியே வந்தது. ஹெரோடோட்டஸ் தரும் கணக்குப்படி 1207 போர்க்கப்பல்கள். அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பார் என்று வரலாற்று ஆசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் அது பெரிய கூட்டம்தான்.

இந்தப் பெரும்படைக்கு முன்னால் 10 கப்பல்கள் வழி பார்க்க வந்தன. ஸ்கியாதோஸ் தீவுக்கும் எதிர்க்கரைக்கும் நடுவே கடலுக்குள் ஒரு பாறைத்திட்டு உண்டு. அந்தக் காலத்தில் அதற்கு 'மிர்மெக்ஸ்', அதாவது எறும்பு என்று பெயர். 3 கப்பல்கள் அந்த எறும்பின் மேல் ஏறிவிட்டன! பாரசீகர்கள் உடனே ஒரு கல்தூணைக் கொண்டுவந்து அந்தப் பாறையின் மேல் நட்டு வைத்தார்கள். பின்னால் வருபவர்களுக்கு எச்சரிக்கை. கடல் வழிகாட்டிக் குறிகளைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் இதுவும் ஒன்று.

ஆக, பாரசீகர்கள் கடல் தெரியாதவர்கள் இல்லை. அவர்கள் கடற்படையில் இருந்த பினீசியர்கள் அந்தக் காலத்தின் சிறந்த மாலுமிகள். அப்புறம் ஏன் அந்த அழிவு?

இடம் போதவில்லை

அன்றைய போர்க்கப்பலுக்கு டிரைரீம் என்று பெயர். 170 பேர் துடுப்பு போடுவார்கள். மற்றவர்களையும் சேர்த்தால் ஒரு கப்பலில் சுமார் 200 பேர். உள்ளே படுத்துத் தூங்க இடம் கிடையாது, சமைக்க இடம் கிடையாது. அதனால் இரவானால் முடிந்தவரை கரையில் இழுத்து ஏற்றிவிடுவதுதான் வழக்கம்.

கஸ்தனேயா என்ற ஊருக்கும் செபியாஸ் முனைக்கும் நடுவில் இருந்த கடற்கரைக்கு அன்று மாலை படை வந்து சேர்ந்தது. கடற்கரையோ சின்னது. முதலில் வந்த கப்பல்கள் கரையைப் பிடித்துக்கொண்டன. மற்றவை அவற்றுக்கு வெளியே நங்கூரம் பாய்ச்சி நின்றன. கடலை நோக்கி முகம் வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக எட்டு வரிசை.

இரவு அமைதியாகக் கழிந்தது. விடியும்போது வானம் தெளிவு, காற்று இல்லை. திடீரென்று கடல் கொதிக்க ஆரம்பித்தது. கிழக்கு, வடகிழக்குத் திசையிலிருந்து பெரும் காற்று. அந்தக் கரையோ கிழக்கே பார்த்த கரை. காற்று நேராகக் கப்பல்களைப் பாறைமேல் தள்ளியது.

யார் பிழைத்தார்கள் தெரியுமா? காற்று ஏறுவதை முதலிலேயே கவனித்தவர்கள், அதோடு கப்பலைக் கரையேற்ற வசதியான இடத்தில் இருந்தவர்கள். மற்ற பல கப்பல்கள் கரையெங்கும் மோதி உடைந்தன. புயல் மூன்று நாள் அடித்தது. பாரசீகப் பூசாரிகள் மந்திரம் சொல்லி, பலி கொடுத்து நான்காம் நாள் புயலை நிறுத்தினார்களாம். "அல்லது அது தானாகவே நின்றிருக்கலாம்" என்கிற பொருளில் ஹெரோடோட்டஸ் ஒரு வரி சேர்க்கிறார். பொல்லாத மனிதர்! :-)

இதன் விளைவு பெரியது. அடுத்து ஆர்ட்டெமிசியத்தில் நடந்த கடற்போரில் கிரேக்கர்களிடம் இருந்தவை 271 டிரைரீம்கள்தான். 400 என்ற கணக்கு ஓரளவு சரி என்றாலும், கிரேக்கர்கள் ஒரு அம்புகூட விடாமல், தங்கள் படையைவிடப் பெரிய எதிரிப் படை ஒன்றைக் காற்றே அழித்துக் கொடுத்துவிட்டது. ஏதென்ஸ்காரர்கள் வாடைக்காற்றின் தெய்வமான போரியாஸுக்குக் கோயில் கட்டியதில் ஆச்சரியம் இல்லை.

கயிற்றின் கணக்கு

சரி, நங்கூரம் ஏன் பிடிக்கவில்லை? இங்கேதான் கொஞ்சம் கணக்கு வருகிறது.

நங்கூரம் தன் எடையால் மட்டும் படகைப் பிடிப்பதில்லை. மண்ணுக்குள் கொக்கி போலப் புதைந்து பிடிக்கிறது. இழுப்பு கடல் தரையை ஒட்டிப் படுக்கையாக வந்தால் இன்னும் ஆழமாகப் புதையும். மேல்நோக்கி வந்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். இழுப்பு படுக்கையாக வர வேண்டுமானால் நிறைய கயிறோ சங்கிலியோ விட வேண்டும். இன்றைய பொது விதி: சங்கிலி என்றால் ஆழத்தைப் போல் 5 மடங்கு, கயிறு என்றால் 7 மடங்கோ அதற்கு மேலோ. காற்று ஏறினால் இன்னும் கூட்ட வேண்டும்.

ஒரு சின்னப் படகை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் 5 மீட்டர் ஆழம். படகின் முன்பக்கம் தண்ணீருக்கு மேல் 1 மீட்டர். மொத்தம் 6. ஐந்து மடங்கு என்றால் 30 மீட்டர் சங்கிலி. படகின் நீளம் 12 மீட்டர் என்றால், காற்று திசை மாறும்போது அது நங்கூரத்தைச் சுற்றி ஏறக்குறைய 40 மீட்டர் ஆரமுள்ள வட்டம் போடும். அந்த வட்டம் முழுவதும் காலியாக இருக்க வேண்டும்!

இப்போது அந்த எட்டு வரிசையை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கப்பலும் சுமார் 35 மீட்டர் நீளம். போதிய கயிறு விட்டால் பின்னால் இருப்பவன் மேல் மோதும். விடாவிட்டால் நங்கூரம் பிடுங்கிக்கொள்ளும். முன்வரிசையில் ஒன்று அறுந்தால் பின்னால் இருக்கும் ஏழுக்கும் ஆபத்து. நங்கூரம் எத்தனை நல்லதாக இருந்தாலும் அந்த நெரிசலில் அதனால் என்ன செய்திருக்க முடியும்?

கல்லிலிருந்து கலப்பை வரை

அதற்குப் பிறகு கருவி எவ்வளவோ முன்னேறியது. ஆதியில் ஓட்டை போட்ட கல்தான் நங்கூரம். பிறகு மரத்தில் கொக்கி செய்து, அது சரியாகச் சாய்ந்து விழ மேலே கல்லிலோ ஈயத்திலோ குறுக்குத்தண்டு வைத்தார்கள். அப்புறம் இரும்பு. கயிற்றுக்குப் பதில் இரும்புச் சங்கிலி பரவலானது 19-ஆம் நூற்றாண்டில்தான். 1933-ல் ஜி.ஐ. டெய்லர் என்ற ஆங்கிலேயக் கணித மேதை கலப்பைக் கொழு வடிவத்தில் சி.க்யூ.ஆர். நங்கூரத்தை உருவாக்கினார். பாய்மரப் படகில் அவருக்கு இருந்த ஆசையின் விளைவு அது. கடல் தரையை உழுது புதையும் நங்கூரம்!

ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுப்பது இன்னும் மனிதன் வேலைதான். கோடையில் ஈஜியனில் வடக்கிலிருந்து அடிக்கும் மெல்டெமி காற்று, வானம் நீலமாக இருக்கும்போதே வேகமெடுக்கும். கூகூனாரியெஸ் தெற்கே பார்த்த குடா என்பதால் வாடைக்கு நல்ல மறைவு. அதே குடா தென்காற்று வந்தால் பொறி. தண்ணீருக்குள் கரும்பச்சையாகத் தெரியும் இடம் பொசிடோனியா என்ற கடற்புல். அதில் நங்கூரம் சரியாகப் பிடிக்காது. மேலும் அது ஆண்டுக்கு ஒரு சில சென்டிமீட்டரே பரவும் அரிய செடி, ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் பாதுகாப்பது. அதனால் வெளிர் நிற மணல் திட்டைப் பார்த்துப் போட வேண்டும். போட்ட பிறகு இன்ஜினைப் பின்னோக்கி ஓட்டி, கொக்கி பிடித்ததா என்று சோதிக்க வேண்டும். கரையில் இரண்டு அடையாளங்களை வைத்துப் படகு நகர்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. ஹோமரின் 'ஒடிசி'யில் லாஸ்ட்ரிகோனியர் என்ற ராட்சதர்களின் துறைமுகம் வருகிறது. சுற்றிலும் மலை, அலையே இல்லாத தண்ணீர். 11 கப்பல்கள் உள்ளே போய் நெருக்கமாக நின்றன. ஒடிசியஸ் மட்டும் தன் கப்பலை வெளியே ஒரு பாறையில் கட்டினான். ராட்சதர்கள் தாக்கியபோது கயிற்றை வாளால் வெட்டிவிட்டு அந்த ஒரு கப்பல்தான் தப்பியது.

கதைதான். ஆனால் செபியாஸ் கரையில் நடந்தது கதை இல்லை. எல்லோரும் நிற்கிறார்களே என்று ஒரு குடாவுக்குள் நுழையும் முன், காற்று மாறினால் நாம் எப்படி வெளியே போவோம் என்று பார்த்துக்கொள்வது நல்லது. நங்கூரம் போடும்போதே அதை எடுப்பதைப் பற்றி யோசிப்பவன்தான் நல்ல மாலுமி.