அளவு தேடிய மூலிகை: கஞ்சா மருந்தாக இருந்த வரலாறு

கஞ்சாச் செடி ஒன்றாயினும், இந்தியத் துணைக்கண்டத்தில் அதிலிருந்து பெறப்பட்ட பொருள்கள் மூன்றாகவே எண்ணப்பட்டு வந்துள்ளன. உலர்த்திய இலை பாங்கு அல்லது பங்கி எனப்பட்டது. மகரந்தம் படாமல் காக்கப்பட்ட பெண்செடியின் பூங்கொத்து கஞ்சா எனப்பட்டது. இமயமலைச் சரிவுகளிலும் நடு ஆசியாவிலும் செடியின் மேற்பரப்பிலிருந்து திரட்டப்பட்ட பிசின் சரஸ் எனப்பட்டது. இம்மூன்றும் வீரியத்தில் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுவன. மருத்துவர்கள் கொடுத்த அளவு, அரசு விதித்த தீர்வை, பின்னர் சட்டம் வகுத்த வரையறை ஆகிய எல்லாமே இந்தப் பாகுபாட்டைச் சார்ந்திருந்தமையால், கஞ்சாவின் மருத்துவ வரலாற்றைப் படிப்போர் எந்தப் பொருளைப் பற்றிப் பேசப்படுகிறது என்பதை ஒவ்வோரிடத்திலும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அதர்வ வேதத்தில் பங்கா என்ற பெயர் வருவதைக் கொண்டு இதன் மருத்துவப் பயன்பாடு மூவாயிரம் ஆண்டு பழமையுடையது என்று எழுதுவோர் உண்டு. அங்கே வருவது மூலிகைகளை வேண்டும் மந்திரமேயன்றி நோய்க்கான முறையன்று. உறுதியாகக் கூறத்தக்க மருத்துவக் குறிப்புகள் இடைக்கால நூல்களிலிருந்தே கிடைக்கின்றன. சார்ங்கதர சம்ஹிதை, உட்கொண்ட பொருள் செரிக்கும் முன்பே உடலெங்கும் பரவிப் பின்னரே செரிமானம் அடையும் இயல்பை 'வியவாயி' என்று பெயரிட்டு, அதற்கு எடுத்துக்காட்டாகப் பங்காவையும் அபினியையும் தருகிறது. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாவப்பிரகாசம், இச்செடி பசியைத் தூண்டும், செரிமானத்தை வளர்க்கும், கழிச்சலைக் கட்டும் என்று உரைக்கிறது. கிரகணி எனப்படும் நாள்பட்ட கழிச்சல் நோய்க்கு வழங்கப்பட்ட ஜாதீபலாதி சூரணத்தில், ஜாதிக்காய் முதலிய சரக்குகளோடு பாங்கு இலையும் சேர்ந்திருந்தது. தமிழ்நாட்டுச் சித்த மருத்துவ மரபு இதனைக் கோரக்கர் மூலி, சிவமூலி, ஆனந்தமூலி என்ற பெயர்களால் அறிந்திருந்தது.

இம்மரபுகளில் பெரிதும் கருதத்தக்கது 'சுத்தி' என்னும் முறையாகும். சுத்தியாவது, ஒரு சரக்கை மருந்தில் சேர்க்கும் முன் அதன் கேட்டைக் குறைத்துக் குணத்தை நிலைநிறுத்தச் செய்யும் பக்குவம். கஞ்சா இலையை நீரில் பலமுறை அலசுவதும், பசும்பாலில் வேகவைப்பதும், உலர்த்தியபின் நெய்யில் வறுப்பதும் நூல்களில் காணப்படுகின்றன. இலையின் செயற்பொருள்கள் நீரில் கரையாதவை, கொழுப்பில் கரைபவை என்பதும், பச்சைச் செடியில் அவை அமில வடிவில் இருந்து வெப்பம் பட்டே வீரியம் பெறுகின்றன என்பதும் 20ஆம் நூற்றாண்டு வேதியியல் கண்ட உண்மைகள். நீரில் அலசுவதால் மருந்து போய்விடாமலும், நெய்யும் சூடும் சேர்ந்து அதை எழுப்பித் தரும்படியும் அமைந்த இப்பக்குவம், காரணம் அறியப்படாமலே அனுபவத்தால் எட்டப்பட்ட நுட்பமாகும். ஆயினும், இலையின் வயதும் விளைந்த மண்ணும் வேறுபடும்போது வீரியம் எவ்வளவு மாறும் என்பதை இப்பக்குவத்தால் அளந்துவிட முடியவில்லை. அந்தக் கணக்கு வைத்தியரின் கையிலும் கண்ணிலுமே நின்றது.

ஐரோப்பியர்களுள் கோவாவில் வாழ்ந்த போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, 1563இல் அச்சான தம் உரையாடல் நூலில் பாங்கைப் பற்றி எழுதினார். சென்னையில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஒயிட்லா எயின்ஸ்லி, 1813இல் சென்னையிலேயே வெளியிட்ட மருந்துச்சரக்கு நூலில் இந்நாட்டு மூலிகைகளைத் தமிழ் முதலிய மொழிப் பெயர்களோடு பதிவு செய்தார். இவை பார்த்ததையும் கேட்டதையும் சொல்லும் குறிப்புகள். சோதனை என்று சொல்லத்தக்கது கல்கத்தாவில்தான் தொடங்கியது.

வில்லியம் புரூக் ஓஷானசி 1809இல் அயர்லாந்தின் லிமெரிக்கில் பிறந்து எடின்பரோவில் மருத்துவம் பயின்றவர். காலரா நோயாளியின் குருதி நீரையும் உப்பையும் இழக்கிறது என்பதை 1831ஆம் ஆண்டையொட்டி ஆராய்ந்து காட்டியமையே அவரை மருத்துவ உலகம் நினைவுகூரப் போதுமானது. 1833இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் கல்கத்தா வந்து, 1835இல் தோன்றிய மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியரானார். அங்கே அவர் கஞ்சாவை ஆராய்ந்த முறை இன்றும் படிக்கத்தக்கது. முதலில் உள்நாட்டு மரபைக் கேட்டறிந்தார். இந்தியாவில் மேலைமுறை உடற்கூறு அறுப்பில் முன்னோடி எனப் போற்றப்படும் பண்டிதர் மதுசூதன் குப்தர் போன்றோரிடம் வடமொழி நூல்களின் செய்திகளையும், பாரசீக ஹக்கீம்களிடம் யுனானி மரபின் செய்திகளையும் திரட்டிக்கொண்டார். அடுத்து விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நாய், பூனை, மீன், கழுகு முதலிய ஊனுண்ணிகள் எளிதில் மயங்கியதையும், குதிரை, ஆடு, மாடு போன்ற தழையுண்ணிகள் எவ்வளவு கொடுத்தாலும் பெரிதும் மாறாதிருந்ததையும் கண்டார். அதன் பின்னரே நோயாளிகளிடம் சென்றார். மரபின் சான்று, விலங்குச் சோதனை, மனிதச் சோதனை என்ற இவ்வரிசை 1839இல் ஒரு மூலிகைக்குப் பின்பற்றப்பட்டது என்பது, காலனிய மருத்துவத்தை முற்றிலும் ஒரே வண்ணத்தில் தீட்டிவிட முடியாது என்பதற்கு நல்ல சான்று.

கல்கத்தா மருத்துவ, பௌதிகச் சங்கத்தில் 1839இல் அவர் படித்த கட்டுரையில் நோயாளிகளின் வரலாறுகள் விரிவாக உள்ளன. கீல்வாதம் கண்ட மூவருக்குத் தலைக்கு ஒரு கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 65 மில்லிகிராம், பிசின் கொடுக்கப்பட்டது. அவர்களுள் ஒருவர் சில மணி நேரத்தில் உரக்கப் பேசிப் பாடி, மிகுதியாக உணவு கேட்டு, பின்னர் உணர்விழந்து, கை கால்களை எந்த நிலையில் வைத்தாலும் அந்த நிலையிலேயே இருக்கும் மரத்த தன்மையை அடைந்தார். அவர் தீங்கின்றித் தேறினாலும், அதன்பின் அளவு அரை கிரெய்னாகவும் அதற்குக் கீழும் குறைக்கப்பட்டது. வெறிநாய்க்கடியால் நீரைக் கண்டாலே நடுங்கிய ஒருவருக்கு இம்மருந்து உயிரைத் தரவில்லை. ஆனால் நீரும் உணவும் சிறிது விழுங்கும் அளவுக்கு இசிவைத் தளர்த்தியது. சாவைத் தடுக்க முடியாத இடத்தில் சாவின் கொடுமையைக் குறைப்பதும் மருத்துவனின் கடமையே என்று ஓஷானசி கருதியது அவ்வரலாற்றில் தெளிவாகத் தெரிகிறது. வில்வாத இசிவில், அதாவது காயத்தின் வழி நஞ்சேறித் தசைகள் விறைத்துப்போகும் டெட்டனஸ் நோயில், பலருடைய இசிவு தணிந்தது, சிலர் பிழைத்தனர்.

அக்கட்டுரையில் மனத்தை மிகவும் பற்றுவது, பிறந்து நாற்பது நாளேயான ஒரு பெண்குழந்தையின் வலிப்பு. அக்காலத்தில் வழங்கிய மருந்துகள் எல்லாம் பயனற்றுப் போனபின், சாராயத்தில் கரைத்த கஞ்சாச் சத்து ஒரு சொட்டிலிருந்து தொடங்கிக் கொடுக்கப்பட்டது. வலிப்பு நின்று, மீண்டும் வந்து, அளவு ஏற்றப்பட்டு, மறுபடி நின்றது. இறுதியில் அச்சிசுவுக்கு ஒரே நாளில் 130 சொட்டு வரை தேவைப்பட்டது. அதற்கும் மிகக் குறைவான சொட்டுகளை உட்கொண்ட ஒரு மருத்துவ மாணவர் முழு மயக்கம் அடைந்திருந்தார். இந்த முரண் ஓஷானசிக்கு வியப்பைத் தந்தது. வரவிருந்த நூறாண்டுகளில் இம்மருந்து அடைந்த இடர் முழுவதும் அந்த ஒரு முரணிலேயே அடங்கியிருந்தது என்று கூறுவது மிகையாகாது.

ஓஷானசி இங்கிலாந்து திரும்பியபோது கஞ்சாவை உடன் கொண்டுசென்று இலண்டன் மருந்தாளர் பீட்டர் ஸ்குவயரிடம் தந்தார். ஸ்குவயரின் சத்து என்ற பெயரில் அது பரவியது. அமெரிக்க மருந்துநூலின் 1850ஆம் ஆண்டுப் பதிப்பிலும், 1864இல் வெளிவந்த முதல் பிரித்தானிய மருந்துநூலிலும் கஞ்சா இடம்பெற்றது. மருந்துநூல் என்பது எந்தெந்த மருந்து எந்தத் தரத்தில் இருக்கவேண்டும் என்பதை அதிகாரபூர்வமாக வகுக்கும் நூலாகும். தூக்கமின்மை, ஒற்றைத் தலைவலி, நரம்புவலி, மாதவிடாய்க் கால வலி ஆகியவற்றுக்கு அது எழுதிக் கொடுக்கப்பட்டது. விக்டோரியா அரசியின் மருத்துவர்களுள் ஒருவரான ஜான் ரஸல் ரெனால்ட்ஸ், முப்பதாண்டு அனுபவத்தைத் தொகுத்து 1890இல் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரை, ஒற்றைத் தலைவலிக்கு இதனைப் பெரிதும் பாராட்டியது. அரசியே இதை உட்கொண்டார் என்று இன்று பரவலாக எழுதப்படுவதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ரெனால்ட்ஸின் கட்டுரையில் கவனிக்கவேண்டியது அவருடைய எச்சரிக்கையே: மிகக் குறைந்த அளவில் தொடங்கவேண்டும், சிறுகச் சிறுக ஏற்றவேண்டும், மருந்தை ஒரே இடத்திலிருந்து பெறவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார்.

அவ்வெச்சரிக்கைக்குக் காரணம் வங்காளத்து வயல்களிலிருந்து இலண்டன் மருந்துக்கடை வரை நீண்டிருந்தது. வங்காளத்தில் கஞ்சாப் பயிர் ராஜசாகி மாவட்டத்தின் நவ்காவ்ன் பகுதியில் உரிமம் பெற்ற குடியானவர்களால் அரசுக் கண்காணிப்பில் விளைவிக்கப்பட்டது. ஆண்செடியை இளமையிலேயே இனங்கண்டு பிடுங்கி எறிவதில் தேர்ந்த ஆட்கள் வயல்தோறும் அமர்த்தப்பட்டனர். ஒன்றிரண்டு தப்பினாலும் மகரந்தம் பரவிப் பூங்கொத்தில் விதை பிடித்துப் பிசின் குறையும். இவ்வளவு கருத்தோடு எடுத்த சரக்கு கிடங்கிலும் கப்பலிலும் மாதக்கணக்கில் கிடந்து வெப்பத்தாலும் காற்றாலும் வீரியம் இழந்தது. ஒரு புட்டி மருந்து நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்த, அதே கடையின் மற்றொரு புட்டி வெறும் நீர்போல் இருந்தது. கேம்பிரிட்ஜில் உட், ஸ்பைவி, ஈஸ்டர்ஃபீல்ட் ஆகிய மூவரும் 1896இல் சரஸிலிருந்து பிரித்தெடுத்துக் கன்னபினால் என்று அறிவித்த பொருள், உண்மையில் மயக்கம் தரும் மூலப்பொருள் காற்றோடு வினைபுரிந்து சிதைவதால் உண்டாவது. அறிவியல் முதலில் கைப்பற்றியது மருந்தையன்று, மருந்து கெட்டபின் எஞ்சியதை. அபினியிலிருந்து மார்ஃபின் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தூய படிகமாகக் கிடைத்துவிட்டது. அது நீரில் கரைந்தது, ஊசி வழி ஏற்ற இடம் தந்தது. கஞ்சாவுக்கு இவற்றுள் ஒன்றும் வாய்க்கவில்லை. அமெரிக்காவில் நாய்க்குக் கொடுத்து அது தள்ளாடுவதைக் கண்டு வீரியத்தை மதிப்பிடும் முறை வழக்கில் இருந்தது என்பதே, வேதியியல் எவ்வளவு கையறு நிலையில் இருந்தது என்பதைக் காட்டும்.

இந்நிலையில், கஞ்சா மக்களைப் பித்தராக்குகிறது என்ற குற்றச்சாட்டு பிரித்தானிய நாடாளுமன்றத்தில் எழுந்தமையால், 1893இல் இந்தியக் கஞ்சா ஆணையம் அமைக்கப்பட்டது. தலைவர் மேக்வொர்த் யங்கோடு சேர்த்து எழுவரைக் கொண்ட இவ்வாணையத்தில் மூவர் இந்தியர். 1,193 பேரிடம் சான்று பெற்ற ஆணையம், மனநோய் விடுதிகளின் ஏடுகளைத் தானே ஆராய்ந்தது. 1892இல் சேர்க்கப்பட்ட 1,344 பேரில் 222 பேரின் நோய்க்குக் கஞ்சாவே காரணம் என்று எழுதப்பட்டிருந்தது. தனித்தனியே விசாரித்தபோது 98 பேருக்கே அதற்கு அடிப்படை இருந்தது. காவலர் எழுதியனுப்பிய காரணத்தையே எழுத்தர்கள் ஏட்டில் ஏற்றிவந்தது வெளிப்பட்டது. வயிற்றுப்போக்கு, சீதபேதி, முறைக்காய்ச்சல், இரைப்பு ஆகியவற்றுக்கு நாட்டு வைத்தியர்கள் இதனைப் பரவலாகக் கையாள்வதையும், கால்நடை மருந்தாகவும் இது பயன்படுவதையும் ஆணையம் பதிவு செய்து, முழுத் தடை வேண்டாம், தீர்வையும் கட்டுப்பாடும் போதும் என்று பரிந்துரைத்தது. சென்னை மாகாணத்தில் பயிரிடும் உரிமை பின்னர் ஒருசில இடங்களுக்குச் சுருக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தில், சவ்வாது மலையடிவாரத்தில் உள்ள சந்தவாசல்.

கஞ்சாவை மருத்துவத்திலிருந்து வெளியேற்றியதில் சட்டத்தின் பங்கைவிட ஆஸ்பிரின், பார்பிட்டியூரேட் போன்ற அளவு தவறாத புதுமருந்துகளின் பங்கு பெரிது. சட்டம் பின்வந்து கதவை அடைத்தது. 1925ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை கஞ்சாவைப் பன்னாட்டுக் கட்டுப்பாட்டில் சேர்த்தது. பிரித்தானிய மருந்துநூல் 1932இலும், அமெரிக்க மருந்துநூல் 1942இலும் அதனை நீக்கின. 1961ஆம் ஆண்டு ஐ.நா. ஒப்பந்தம் மிகக் கடுமையான பட்டியலில் வைத்தது. இந்தியா 1985இல் இயற்றிய போதைப்பொருள் சட்டம் பூங்கொத்தையும் பிசினையும் தடுத்து, பூங்கொத்தோடு சேராத இலையையும் விதையையும் வரையறைக்கு வெளியே விட்டது. தொடக்கத்தில் கூறிய பழைய முப்பாகுபாடு இவ்வாறு சட்டமொழியில் உயிரோடு நீடிக்கிறது.

தடைக்காலத்தில்தான் வேதியியல் தன் பழைய கடனைத் தீர்த்தது. இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெகியேல் கவோனியும் 1964இல் மயக்கம் தரும் பொருளான டெட்ராஹைட்ரோகன்னபினாலின் அமைப்பைக் கண்டனர். மயக்கம் தராத கன்னபிடியாலின் அமைப்பும் அவ்வாண்டுகளிலேயே தெளிவாயிற்று. மூளையில் இப்பொருள்களை ஏற்கும் வாயில்கள் உண்டென்பதும், அவ்வாயில்களுக்கென்றே உடல் தானே ஒரு பொருளைச் சுரக்கிறது என்பதும் பின்னர் வெளியாயின. 1992இல் கண்ட அச்சுரப்புக்கு ஆனந்தம் என்ற வடசொல்லைக் கொண்டு ஆனந்தமைடு என்று பெயரிட்டனர். ஆனந்தமூலி என்ற பெயரைப் பழகிய மண்ணுக்கு அப்பெயர் புதிதன்று. அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் 2017இல் வெளியிட்ட மதிப்பாய்வு, பெரியவர்களின் நாள்பட்ட வலி, புற்றுநோய் மருந்தால் வரும் குமட்டல், பல்கூற்றுத் தண்டுவட இறுக்க நோயின் தசை விறைப்பு ஆகிய மூன்றுக்கே போதிய சான்று இருப்பதாகக் கண்டது. மிகுதியாகப் பயன்படுத்துவோருக்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்புக் கூடுகிறது என்பதையும் அது மறைக்கவில்லை. எல்லா நோய்க்கும் கஞ்சா என்று இன்று விற்போர், இம்மூலிகைக்கு நூறாண்டுக்கு முன் கெட்ட பெயர் வாங்கித் தந்த அதே தவற்றை மீண்டும் செய்கின்றனர்.

டிராவே நோய்க்குறி என்பது கைக்குழந்தைப் பருவத்திலேயே தொடங்கி, வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத கொடிய வலிப்பு நோய். அந்நோயுடைய 120 இளையோரிடம் நடந்து 2017இல் வெளியான சோதனையில், தூய கன்னபிடியால் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் கொடுக்கப்பட்டது. மருந்து பெற்றோரின் வலிப்புகள் மாதத்துக்கு 12.4இலிருந்து 5.9ஆகக் குறைந்தன, மருந்தில்லாத போலிக் கரைசல் பெற்றோருக்கு 14.9இலிருந்து 14.1ஆக மட்டுமே குறைந்தன. உறக்கச் சோர்வும் வயிற்றுப்போக்கும் கல்லீரல் நொதிகளின் உயர்வும் பக்கவிளைவுகளாகக் குறிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு அமெரிக்க அரசு அம்மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. கல்கத்தாக் குழந்தைக்குச் சொட்டுச் சொட்டாக ஊட்டப்பட்ட சாராயச் சத்தும் இதுவும் ஒன்றல்ல. அதில் எந்தப் பொருள் எவ்வளவு இருந்தது என்பதை ஓஷானசி அறிய வழியில்லாதிருந்தது. இம்மருந்தின் புட்டியிலோ ஒவ்வொரு மில்லிலிட்டருக்கும் 100 மில்லிகிராம் என்று அச்சிடப்பட்டிருக்கிறது.