பேர்க்லியில் ஒரு சுயாதீன வாழ்வு

1953ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில் எட் றொபேட்ஸ் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனை இளம்பிள்ளைவாதம் பீடித்தது. கழுத்துக்குக் கீழே இரண்டு விரல்களும் சில கால்விரல்களுமே அசைந்தன. மூச்சு விடுவதற்கும் ‘இரும்பு நுரையீரல்’ எனப்படும் உருளைப் பெட்டி வேண்டியிருந்தது. தலை மட்டும் வெளியே இருக்க, உடலை அதனுள் வைத்துக் காற்றழுத்தத்தை ஏற்றி இறக்கி மூச்சை இயக்குவார்கள். பிழைத்தாலும் இவன் வெறுங் காய்கறி போலக் கிடப்பான் என்றார் வைத்தியர். காய்கறியாவதானால், வெளியே முள்ளும் உள்ளே மென்மையும் உடைய ஆட்டிச்சோக்காக இருப்பேன் என்று பிற்காலத்தில் றொபேட்ஸ் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அன்று வேடிக்கைக்கு இடமிருக்கவில்லை. சிறுவன் உண்ண மறுத்தான். தாதிமார் வற்புறுத்தி ஊட்டியும் உடல் மெலிந்துகொண்டே போயிற்று. அவனுக்கென அமர்த்தப்பட்ட கடைசித் தாதியும் விலகிச் சென்ற நாளிலேதான், உண்பதென்று அவனே முடிவு செய்தான். உண்பதா விடுவதா என்பது தன் விருப்பத்திற்கு உரியதாயிற்று என்று கண்டபின்னரே அவனுக்கு வாழும் ஆசை பிறந்தது.

வீட்டிலிருந்தபடி தொலைபேசி வாயிலாகப் பாடங் கேட்டான். தேகப்பயிற்சியும் மோட்டார் வாகனம் ஓட்டும் பாடமும் முடிக்கவில்லை என்று பாடசாலை அவனுக்குச் சான்றிதழ் மறுத்தது! தாயார் சோனா போராடி அதனைப் பெற்றார். அடுத்து, இவரால் ஒருநாளும் தொழில் செய்ய இயலாது என்று கூறி, மாநிலப் புனர்வாழ்வுத் திணைக்களம் படிப்புக்கு உதவ மறுத்தது. பத்திரிகைகள் விடயத்தை வெளியிட்ட பின்னரே அம்முடிவு மாறிற்று.

1962இல் றொபேட்ஸ் பேர்க்லிப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். இரும்பு நுரையீரலின் பாரத்தை விடுதிகளின் தளம் தாங்காது. ஆகவே, பல்கலைக்கழக வளவிலிருந்த கவெல் வைத்தியசாலையில் அவருக்கு அறை கிடைத்தது. நோயாளியாகவன்று, மாணவராகவே அங்கு வாழ்ந்தார். இரவிலே பெட்டிக்குள் உறங்குவார்; பகலிலே, வாயாற் காற்றை விழுங்கிச் சுவாசிக்கும் பயிற்சியின் துணையுடன் சக்கர நாற்காலியில் வகுப்புக்குச் செல்வார். உடுப்பதற்கும் உண்பதற்கும் உதவியாளர் தேவைப்பட்டனர். முதல் உதவியாளர் அவருடைய தம்பி. பின்னர் வந்தவர்களை அவரே தெரிந்தெடுத்தார்; எப்போது எழுப்புவது, எங்கே அழைத்துச் செல்வது என்பதை அவரே சொன்னார்; ஒத்துவராதவரை அவரே நிறுத்தினார். ஒரு குவளை நீரைக்கூடத் தன் கையால் எடுக்க இயலாத ஒருவர், தம் நாளை நடத்தும் அதிகாரத்தைப் பிறரிடம் விடவில்லை. சுயாதீனம் என்ற சொல்லுக்குப் புதிய பொருள் அங்கே உருவாயிற்று. சட்டைப் பொத்தானைத் தானே பூட்டுவதற்கு ஒரு மணி நேரம் செலவிடுவதைவிட, பிறரைக் கொண்டு பூட்டுவித்து உரிய வேளையில் வகுப்புக்குப் போவதே அம்மாணவருக்குச் சுயாதீனமாகப் பட்டது.

பிறகு ஜோன் ஹெஸ்லர் முதலிய வேறு மாணவரும் கவெலுக்கு வந்து சேர்ந்தனர். ‘உருளும் நாற்கால்முடவர்’ என்று தம்மைத் தாமே நகைத்துப் பெயரிட்டுக்கொண்ட அவர்கள், நடைபாதை விளிம்புகளிலே சாய்தளம் வேண்டுமென்று நகரசபையிடம் கேட்டனர். ஆயினும், வைத்தியசாலை எவ்வளவு நல்லதாயினும் வைத்தியசாலைதானே! ஊருக்குள்ளே சொந்த வீட்டில் வாழ விரும்பியவர்களுக்காக 1972இல் ‘சுயாதீன வாழ்வு நிலையம்’ தோன்றியது. உதவியாளரைத் தேடிக்கொடுத்தல், சக்கர நாற்காலி திருத்துதல், ஏற்ற வீடு பார்த்தல் ஆகிய பணிகள் அங்கே நடந்தன. நிருவாகத்தில் அங்கவீனர்களே முன்னின்றனர்.

1975இல் ஆளுநர் ஜெரி பிரவுண், மாநிலப் புனர்வாழ்வுத் திணைக்களத்தின் பணிப்பாளராக றொபேட்ஸை நியமித்தார். தொழிலுக்கு உதவாதவர் என்று அவரைத் தள்ளிய அதே திணைக்களந்தான் அது. 1983 வரை அப்பதவியை வகித்த அவர் 1995இல் காலமானார்.

கவெலில் வாழ்ந்து காட்டப்பட்ட அந்த எண்ணம் 2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட அங்கவீனர் உரிமைச் சாசனத்திலும் இடம்பெற்றது. எங்கே, யாருடன் வாழ்வது என்பதை ஏனையோரைப் போலவே அவர்களும் தெரிவு செய்யலாம். குறித்த ஓர் இல்லத்தில் வாழும்படி எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது அதன் 19ஆம் உறுப்புரை. இலங்கை 2007இல் அதிற் கைச்சாத்திட்டு, 2016இல் அதனை உறுதிப்படுத்தியது.