மேலே ஆறு பேர்... கீழே நூறு பேர்!

விமான சாகசம் பார்க்கப் போகிற எல்லோரும் செய்வது ஒன்றுதான். அண்ணாந்து பார்த்து வாயைப் பிளப்பது! ஆறு விமானங்கள் இறக்கையோடு இறக்கை உரசுகிற மாதிரி பறக்கும். தலைகீழாகப் புரளும். வெள்ளைப் புகை விடும். நாமும் கை வலிக்கத் தட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவோம். இந்த வாரம் மட்டும் கொஞ்சம் கழுத்தைக் கீழே இறக்குங்களேன். தரையில் நிற்கிறவர்களைப் பற்றிப் பேசலாம்.

கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் மாப்பிள்ளையும் பெண்ணும்தான். விடிகாலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டிய சமையல்காரர் எங்காவது இருக்கிறாரா? அமெரிக்க விமானப்படையின் சாகசக் குழுவான 'தண்டர்பேர்ட்ஸ்' கதையும் அதேதான். 1953-ல் அரிசோனா மாநிலத்தின் லூக் விமானத் தளத்தில் ஆரம்பித்த குழு. இன்றைக்கு அவர்கள் ஓட்டுவது எஃப்-16. காட்சியில் பறப்பவை ஆறு விமானங்கள். குழுவில் இருப்பவர்களோ நூறு பேருக்கும் மேல்!

அத்தனை பேருக்கும் அப்படி என்ன வேலை என்கிறீர்களா? அந்தப் புகையையே எடுத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் என்ஜினின் வால் பகுதியில் எண்ணெயைப் பீய்ச்சுகிறார்கள். அது ஆவியாகி வெளியே வந்ததும் வெள்ளையாகத் தெரிகிறது. ஆக, போகிற ஊரிலெல்லாம் எரிபொருள் மட்டும் போதாது, புகைக்கான எண்ணெயும் தயாராக இருக்க வேண்டும். எட்டாம் நம்பர் விமானி மற்றவர்களுக்கு முன்னாலேயே போய் இறங்கி, ஏற்பாடெல்லாம் சரியா என்று பார்ப்பார். மைக் பிடித்து வர்ணனை செய்வதும் அவர்தான். மெக்கானிக்குகள், டூல்ஸ், உதிரி பாகங்கள்? அதற்குத் தனியாக ஒரு சரக்கு விமானம் கூடவே போகும். அதை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

1958, அக்டோபர் 9. யூட்டா மாநிலத்தின் ஹில் தளத்திலிருந்து வாஷிங்டன் மாநிலத்தின் மெக்கார்ட் தளத்துக்கு அப்படி ஒரு சி-123 விமானம் போய்க்கொண்டிருந்தது. அடுத்த காட்சிக்கான பயணம். வழியில், ஐடஹோ மாநிலத்தில் பேயட் என்ற ஊருக்குப் பக்கத்தில் விழுந்து நொறுங்கியது. பறவைக் கூட்டத்துக்குள் புகுந்ததுதான் காரணமாக இருக்க வேண்டும் என்றார்கள். 19 பேர் பலி. ஐந்து பேர் அந்த விமானத்தை இயக்கியவர்கள். மீதி 14 பேரும் தண்டர்பேர்ட்ஸின் பராமரிப்பு ஆட்கள்.

அந்தக் குழு சந்தித்த விபத்துகளிலேயே அதிக உயிர்களைக் குடித்தது இதுதான். செத்தவர்களில் ஒருவர்கூட சாகச விமானி இல்லை! 1982 ஜனவரியில் நெவாடா பாலைவனத்தில் பயிற்சியின்போது நான்கு விமானங்கள் ஒன்றாகத் தரையில் மோதி, நான்கு விமானிகள் இறந்தார்கள். தண்டர்பேர்ட்ஸ் விபத்து என்றாலே பலரும் சொல்வது அதைத்தான். பேயட்? எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, காசு விஷயத்துக்கு வருவோம். 1969 முதல் இவர்கள் பறந்தது எஃப்-4 ஃபாண்டம் விமானத்தில். இரண்டு என்ஜின், ராட்சசப் பசி. 1973 அக்டோபரில் அரபு - இஸ்ரேல் போர் வெடித்தது. அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் கொடுப்பதை நிறுத்தின. சாதாரண ஜனங்கள் பெட்ரோல் பங்க்கில் வரிசையில் நிற்கும்போது, வேடிக்கைக்காக இவ்வளவு எரிக்கலாமா? 1974-ல் டி-38 என்ற சின்னப் பயிற்சி விமானத்துக்கு மாறினார்கள். ஒரு ஃபாண்டம் குடிக்கிற எரிபொருளில் ஐந்து டி-38 பறக்கும்! பராமரிக்கவும் குறைந்த ஆட்கள் போதும்.

2013-ல் அதுவும் முடியாமல் போனது. அரசாங்கச் செலவில் கட்டாய வெட்டு விழ, ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அந்த வருடக் காட்சிகள் மொத்தமும் ரத்து. கடற்படையின் 'ப்ளூ ஏஞ்சல்ஸ்' குழுவும் அதே கதியில் தரையில் நின்றது. போர் விமானம் எவ்வளவுதான் பளபளத்தாலும், பட்ஜெட் இல்லையென்றால் அது நகராது. அடுத்த வருடம்தான் மீண்டும் பறந்தார்கள்.

பணத்தைக் குறைக்க விமானத்தை மாற்றலாம், காட்சியை ரத்து செய்யலாம். பேயட்டில் போன 19 உயிர்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

அதனால், எப்போதாவது விமான சாகசம் பார்க்கப் போனால், கைதட்டி முடித்த பிறகு ஒரு நிமிஷம் சுற்றிப் பாருங்கள். மைதான ஓரத்தில் குண்டாக ஒரு சரக்கு விமானம் நின்றுகொண்டிருக்கலாம். அதற்கும் சேர்த்துத் தட்டிவிட்டு வாருங்கள்!