ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் (கல்விப் பயன்பாடு)

யாரும் திருத்தவும் எடுத்தாளவும் கூடிய உலக நிலப்படத் தரவுத்தளம். பிரிட்டனில் அரசு நிலப்படத் தரவு கட்டணத்துக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டிருந்த காலத்தில், 2004-இல், ஸ்டீவ் கோஸ்ட் இதைத் தொடங்கினார்.

வகுப்பறைக்கு இதன் மதிப்பு படத்தில் இல்லை, படத்துக்கு அடியிலுள்ள தரவு கையில் கிடைப்பதில்தான். புள்ளி, வழி, தொடர்பு என மூன்றே கூறுகள். பொருளைச் சொல்பவை அவற்றில் ஒட்டும் குறிச்சொற்கள். மாணவர் தம் தெருக் கிணற்றைக் குறித்துச் சேமித்தால் சில நிமிடங்களில் உலகம் பார்க்கும். பிழையாகக் குறித்தாலும் அப்படியே! திருத்த வரலாறு அழியாமல் இருப்பதால் பிழையும் பாடமாகிறது.

2015-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தொடங்கிய யூத்மேப்பர்ஸ் என்ற அமைப்பு மாணவர் குழுக்களை இப்பணியில் இணைக்கிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவுக்கு 2012 முதல் நடப்பிலுள்ள உரிமப்படி மூலத்தைக் குறிப்பிடுவது கட்டாயம். தரவுத்தளத்தை மாற்றி வெளியிடுவோர் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும்.